விற்றவனின் பங்கு: கமிஷன் கூலியின் வரலாறும் கடைத்தொழிலாளியின் ஹலாலும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து அதிகாலைப் பேருந்தில் காஞ்சிபுரத்திற்கும் செங்கல்பட்டிற்கும் சென்னைக்கும் செல்லும் நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் ஆலைகளுக்குச் செல்கின்றனர். மற்றொரு பகுதியினர் கடைகளுக்குச் செல்கின்றனர். துணி, பாத்திரம், வீட்டு உபயோகப் பொருள் என அடுக்கடுக்காக விற்கும் பெரிய கடைகளில் நாள் முழுதும் நின்று விற்பதே அவர்களுடைய தொழில்.

அத்தகைய சகோதரர் ஒருவர் ஜுமுஆத் தொழுகைக்குப் பின் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் பணிபுரியும் கடையில் நிலையான சம்பளம் சிறிது. விற்பனைக்கு ஏற்பக் கிடைக்கும் கமிஷனே அவருடைய குடும்பத்தை நடத்துகிறது. முன்பெல்லாம் பெருநாள், தீபாவளிக் காலங்களில் மூச்சுவிட நேரமிராது. கமிஷன் தானாகச் சேர்ந்தது. இப்போது கூட்டம் குறைந்துவிட்டது. வருகிறவர் தொட்டுப் பார்த்துவிட்டு, விலையைக் கைப்பேசியில் ஒப்பிட்டுவிட்டுப் போகிறார். கடையோ, மாத இலக்கை உயர்த்தியிருக்கிறது. பல நாள் தேங்கிக் கிடக்கும் சரக்கைத் தள்ளிவிட்டால் இரட்டைக் கமிஷன் என்கிறது. "இந்தப் பணம் எனக்கு ஹலாலா?" என்பதே அவருடைய கேள்வி.

ஒரே சொல்லில் விடையளிக்கத்தக்க கேள்வியன்று இது. அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. விற்றதற்கு ஏற்பக் கூலி பெறுவது கூடுமா என்பது முதலாவது. அந்தக் கூலிக்காக நாவு சொல்லும் சொல் எத்தகையது என்பது இரண்டாவது. வணிகம் சரியும்போது அந்தச் சரிவின் சுமை யார் தோளில் ஏறுகிறது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் நம் முன்னோர் எதிர்கொண்டுள்ளனர். ஆகவே, வரலாற்றின் வழியே விடை தேட முற்படுகிறோம்.

மதீனாச் சந்தையில் ஒரு பெயர் மாற்றம்

கைஸ் இப்னு அபீ ஙரஸா (ரலி) அவர்கள் மதீனாவின் சந்தையில் வாணிபம் செய்தவர்களில் ஒருவர். தங்களைப் போன்றோர் அக்காலத்தில் 'ஸமாஸிரா', அதாவது தரகர்கள் என்று அழைக்கப்பட்டதாக அவர் நினைவுகூர்கிறார். 'சிம்சார்' என்னும் ஒருமைச் சொல் அரபு மண்ணில் பிறந்ததன்று. பாரசீகத்திலிருந்து வணிகத்தோடு வந்து சேர்ந்த சொல் அது. நபி (ஸல்) அவர்கள் அவர்களைக் கடந்து சென்றபோது அதைவிடச் சிறந்ததொரு பெயரால், 'துஜ்ஜார்', அதாவது வணிகர்களே என்று அவர்களை விளித்தார்கள். பின்னர், விற்பனையில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதை எடுத்துக்காட்டி, அதனுடன் தர்மத்தைக் கலந்துகொள்ளுமாறு அறிவுறுத்தினார்கள். அபூதாவூத், திர்மிதீ உள்ளிட்ட தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இந்த நிகழ்ச்சியை நாம் நிதானித்து நோக்க வேண்டும். அண்ணலார் (ஸல்) அத்தொழிலைத் தடுக்கவில்லை. அத்தொழில் செய்வோரை இழிவாகவும் பேசவில்லை. மாறாக, கண்ணியமான பெயரைத் தந்தார்கள். ஆனால் அந்தத் தொழிலுக்குள் ஊறிக்கிடக்கும் நோய் எதுவென்று உடனே சுட்டிக்காட்டினார்கள். நோய் நாவில் இருக்கிறது. விற்பவன் பேசியே பிழைக்கிறான். ஆகவே பேச்சிலேயே அவன் வழுக்கி விழவும் கூடும். அந்த நோய்க்குக் கையிலிருந்து வெளியேறும் தர்மம் மருந்தாக வைக்கப்பட்டது.

அதே மதீனாவில் இடைத்தரகுக்கு ஒரு வரம்பும் வகுக்கப்பட்டது. பாலைவனத்திலிருந்து சரக்கோடு வரும் கிராமத்தானுக்காக நகரவாசி விற்றுத் தரக் கூடாது என்ற தடையின் பொருளை மாணவர் கேட்டபோது, அவனுக்குத் தரகராக இருக்கக் கூடாது என்பதே அதன் கருத்து என இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கினார்கள். சந்தை நிலவரம் அறிந்த நகரத்தான் சரக்கைப் பிடித்து வைத்து விலையேற்றினால் பொதுமக்கள் துன்புறுவர் என்பது அறிஞர்கள் கூறும் காரணம். விற்பவன் இடையில் நிற்கலாம். ஆனால் அவன் நிற்பதனால் எவருக்கும் அநீதி நேரக் கூடாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் விதி.

துணியை விற்றுத் தா, மிகுதி உனக்கு

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 256இல், அதாவது கி.பி. 870இல் மறைந்தார்கள். அவர்கள் தம் தொகுப்பில் கூலி பற்றிய பகுதியில் தரகுக் கூலிக்கென்றே ஒரு தலைப்பை அமைத்தார்கள். இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகிய தாபிஈன்கள் தரகரின் கூலியில் குற்றம் காணவில்லை என்று அங்கே பதிவு செய்கிறார்கள். தொடர்ந்து இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து வருகிறது: ஒருவர் மற்றவரிடம் ஒரு துணியைக் கொடுத்து, குறிப்பிட்ட விலைக்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் அது உனக்கு என்று சொல்வதில் தவறில்லை. இலாபத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேசிக்கொள்வதையும் இப்னு ஸீரீன் (ரஹ்) அனுமதித்தார்கள். முஸ்லிம்கள் தாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற நபிமொழியும் அவ்விடத்திலேயே நினைவூட்டப்படுகிறது.

அந்த எடுத்துக்காட்டும் துணியைப் பற்றியதே. இன்று காஞ்சிபுரத்துக் கடையில் பட்டுச்சேலையை விரித்துக் காட்டி நிற்கும் நம் பிள்ளையின் தொழிலும், 1,300 ஆண்டுகளுக்கு முன் தாபிஈன்கள் ஆராய்ந்த தொழிலும் அடிப்படையில் ஒன்றே.

எனினும் எல்லா ஃபுகஹாக்களும் இதனை எளிதாக ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணிவிடக் கூடாது. வேலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது கூலி ஒப்பந்தத்தின் அடிப்படை. விற்பனையாளன் ஒரு சொல்லிலும் விற்றுவிடலாம். பத்து நாள் பேசியும் விற்காமல் போகலாம். அவ்வாறிருக்க, நூற்றுக்கு இவ்வளவு என்று பேசுவது அறியப்படாத வேலைக்குக் கூலி பேசுவதாகாதா என்று ஹனஃபி அறிஞர்கள் தயங்கினர். அவனுடைய உழைப்புக்கு ஊர் வழக்கப்படி நியாயமான கூலியே உரியது என்பது முற்காலத் தீர்ப்பு. பின்னர், மக்களிடையே இது பரவலாகிவிட்டதாலும் அவர்களுக்கு இது தேவைப்படுவதாலும் இதில் குற்றமிராது என நம்புவதாக முஹம்மத் இப்னு ஸலமா (ரஹ்) கூறியதை, 19ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு ஆபிதீன் (ரஹ்) எடுத்தெழுதினார். ஹன்பலி மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமா (ரஹ்; மறைவு ஹிஜ்ரி 620) இன்னும் வெளிப்படையாக, ஆயிரம் திர்ஹமுக்கு இவ்வளவு என்று அறியப்பட்ட தொகையைத் தரகருக்கு நிர்ணயிப்பது செல்லும் என்றார். ஒரு செயலை முடித்துத் தருபவருக்கு இன்ன பரிசு என்று அறிவிக்கும் 'ஜுஆலா' முறையையும் அறிஞர்கள் இதற்கு ஒப்பிட்டனர். காணாமற்போன அரசனின் அளவுப் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் அறிவிப்பு இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் அருகருகே வாழும் தமிழகத்தில் இந்த விவாதத்தை அறிந்திருப்பது பயனுடையது. தயங்கியவர்களும் அனுமதித்தவர்களும் ஒரே அச்சத்திலிருந்துதான் பேசினர். தொழிலாளி எவ்வளவு உழைத்தும் வெறுங்கையோடு திரும்பிவிடலாகாது. அவனுக்கு என்ன கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்த அச்சம். இதை மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

தறியும் தரகும் கணக்கும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். தொண்டை மண்டலத்தை ஆண்ட பல்லவர்களின் செப்பேடுகளில் காணப்படும் வரிப் பட்டியல்களில் செக்கு, தறி ஆகியவற்றுடன் தரகும் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. நெய்தலைப் போலவே, விற்றுக்கொடுத்துக் கூலி பெறுதலும் அரசு வரி விதிக்கும் அளவுக்கு நிலைபெற்ற தொழிலாக இப்பகுதியில் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

உத்திரமேரூரின் கல்வெட்டுகளோ உலகறிந்தவை. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தோட்டத்திற்கும் ஏரிக்கும் வாரியங்கள் இருந்தன. பொன்னைக் கவனிக்கத் தனியே பொன் வாரியமும் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றோர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அந்தச் சபை ஒரு குறிப்பிட்ட சமூகத்தார்க்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆயினும் கணக்குக் காட்டாதவனிடம் மீண்டும் பொறுப்பைக் கொடுக்காதே என்னும் நெறி எவருக்கும் உரியது. இமாம் புகாரி (ரஹ்) மறைந்து அரை நூற்றாண்டு ஆனபோது, அவர்களை அறியாத ஓர் ஊர் இந்நெறியைக் கல்லில் வெட்டி வைத்தது. நாம் அதனை 'அமானிதம்' என்போம்.

முஸ்லிம் நகரங்களிலும் இதே நெறி சந்தைக் கண்காணிப்பாக வடிவம் பெற்றது. ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில் சிரியாவில் ஷைஸரீ என்பவர் சந்தை மேற்பார்வையாளருக்காக எழுதிய கையேட்டில் தரகர்களுக்கென ஓர் அத்தியாயம் உண்டு. தரகர் நம்பத்தக்கவராகவும் மார்க்கப்பற்றும் வாய்மையும் உடையவராகவும் இருத்தல் வேண்டும். வணிகர் சொல்லாத விலையைத் தாமாக ஏற்றக் கூடாது. துணி வணிகரோடு மறைமுகமாகக் கூட்டுச் சேரக் கூடாது. சரக்கில் குறை இருப்பது தெரிந்தால் வாங்குபவருக்கு அறிவித்துவிட வேண்டும் என்றெல்லாம் அதில் விதிக்கப்பட்டுள்ளது. ஒரு மனிதனின் மனச்சாட்சியை மட்டுமே நம்பி விட்டுவிடாமல், அவனைச் சுற்றிலும் ஓர் ஒழுங்கை அமைத்தனர் என்பது கவனத்திற்குரியது.

மனச்சாட்சிக்கு எடுத்துக்காட்டாக இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்வு நிற்கிறது. கூஃபாவில் துணி வணிகராக விளங்கிய அவர்கள், குறையுள்ள துணியொன்றைத் தம் கூட்டாளியிடம் கொடுத்து, விற்கும்போது அக்குறையைச் சொல்லிவிடுமாறு பணித்தார்கள். அவரோ மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தியறிந்த இமாம் அவர்கள் அச்சரக்கின் முழு விலையையும் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அது கூட்டாளியின் மறதிதானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. விற்பவனின் நாவுக்கு முதலாளியும் பொறுப்பாளியே என்று அவர்கள் கருதினார்கள்.

பெருங்கடைகள் எழுந்ததும் சரிந்ததும்

ஒரே கூரையின்கீழ் பல பகுதிகள், ஒட்டப்பட்ட விலை, பேரம் இல்லை, வாங்காவிட்டாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்னும் கடைமுறை 19ஆம் நூற்றாண்டில் உருவானது. பாரிஸ் நகரில் அரிஸ்டைட் பூசிக்கோ என்பவர் 1852இல் கூட்டாளியாகச் சேர்ந்து வளர்த்த 'போன் மார்ஷே' அதன் முன்னோடிகளுள் ஒன்று. அங்கே விற்பனையாளர்களுக்கு நிலையான சம்பளத்தோடு, விற்றதற்கேற்பக் கமிஷனும் வழங்கப்பட்டது. விலையில் பேரம் ஒழிந்தது. ஆனால் வாடிக்கையாளரை வாங்க வைக்கும் முனைப்பு விற்பனையாளரின் கூலிக்குள் குடிபுகுந்தது.

சென்னையில் ஸ்பென்சர் நிறுவனம் 1863இல் தொடங்கியது. 1895இல் மவுண்ட் ரோட்டில் எழுந்த அதன் செந்நிறக் கட்டடம் நகரத்தின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. ஆங்கிலேயரும் செல்வந்தரும் வந்து சென்ற அக்கடை, விடுதலைக்குப் பின் பழைய வாடிக்கையாளர்களை இழந்து மெல்ல மங்கியது. 1983இல் தீ அக்கட்டடத்தை விழுங்கியது. அவ்விடத்தில் 1990களில் எழுந்த ஸ்பென்சர் பிளாசா ஒரு தலைமுறைக்குப் புதுமையாக இருந்தது. உத்திரமேரூரிலிருந்து சென்னைக்குச் சென்றவர்கள் அதனைப் பார்த்து வந்து கதையாகச் சொன்ன காலம் உண்டு. 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரி பீனிக்ஸ் எனப் புதிய வளாகங்கள் எழுந்தபின் அங்கும் கூட்டம் குறைந்தது. வணிகக் கட்டடங்களுக்கும் மனிதரைப் போலவே இளமையும் முதுமையும் உண்டு. நாட்களை மக்களிடையே மாறி மாறி வரச் செய்பவன் அல்லாஹ்வே.

கட்டடம் சரிவதைவிட, சரியும் காலத்தில் அதற்குள் நிற்கும் மனிதர்களுக்கு நேர்வதே நமக்கு முக்கியம். அதற்குரிய தெளிவான சான்று அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம். 1925இல் முதல் சில்லறைக் கடையைத் திறந்து, ஒரு காலத்தில் அந்நாட்டின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமாக விளங்கியது அது. 1990 வாக்கில் அதன் வருவாய் தளர்ந்தபோது, வாகனம் பழுதுபார்க்கும் பிரிவில் வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்லும் ஊழியர்களுக்குக் கமிஷனும், இன்ன பொருள் இத்தனை விற்க வேண்டும் என்ற இலக்கும் வைக்கப்பட்டன. 1992 ஜூன் மாதம் கலிபோர்னியா மாநிலத்தின் நுகர்வோர் துறை, தேவையற்ற பழுதுகளைச் சொல்லி மக்களிடம் பணம் பறிக்கப்படுவதாக அந்நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியது. நிறுவனம் அந்த ஆலோசகர்களுக்கான கமிஷன் முறையைக் கைவிட்டது. வாடிக்கையாளர்களுக்கு ஈடு வழங்க ஒப்புக்கொண்டது. இழந்த நம்பிக்கையோ எளிதில் திரும்பவில்லை. வேறு பல காரணங்களும் சேர, 2018 அக்டோபரில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

அந்தப் பிரிவில் வேலை செய்த அனைவரும் பிறவிப் பொய்யர்களா? அல்லர். வருவாய் குறைந்த நிறுவனம், அந்தக் குறைவை ஈடுகட்டும் பொறுப்பை, வாடிக்கையாளரோடு நேருக்கு நேர் நிற்கும் மனிதனின் நாவின்மீது சுமத்தியது. அவன் உண்மை பேசினால் அவனுடைய வீட்டில் அடுப்பு எரியாது. பொய் பேசினால் எரியும். இப்படியொரு நிலையில் மனிதனை நிறுத்துவதே பெரும் ஃபித்னா.

சரியும் கடையின் மூன்று சோதனைகள்

கூட்டம் குறைந்த கடையில் கமிஷனுக்கு நிற்பவருக்கு மூன்று சோதனைகள் வருகின்றன.

முதலாவது, வாடிக்கையாளர் விஷயத்தில். தேங்கிய சரக்குக்கு இரட்டைக் கமிஷன் என்றால், அதுவே இப்போது அதிகம் போகிறது என்று சொல்லத் தோன்றும். கலப்பு நூலைத் தூய பட்டு என்று சொல்லத் தோன்றும். சற்று முன் ஒருவர் இதற்கு இவ்வளவு தருவதாகச் சொல்லிப் போனார் என்று கூறத் தோன்றும். சந்தையில் சரக்கை வைத்துக்கொண்டு, தனக்குக் கேட்கப்படாத விலையைக் கேட்கப்பட்டதாக ஒருவன் சத்தியம் செய்தபோது, ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 77ஆம் வசனம் அருளப்பட்டதாக அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். அற்ப விலைக்குச் சத்தியத்தை விற்பவர்களுக்கு மறுமையில் பங்கில்லை என்று எச்சரிக்கும் வசனம் அது. பொய்ச் சத்தியம் சரக்கை விற்கச் செய்யும், ஆனால் பரக்கத்தை அழித்துவிடும் என்ற கருத்திலும் நபிமொழி உண்டு. தானியக் குவியலின் உள்ளே கையை விட்டு ஈரத்தைக் கண்ட அண்ணலார் (ஸல்), மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவியதும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்ததும் நாம் அறிந்தவை.

இரண்டாவது சோதனை உடன் பணிபுரிபவர் விஷயத்தில். இதனைப் பலரும் பாவமென்றே நினைப்பதில்லை. ஒரு சகோதரர் அரைமணி நேரம் 20 சேலைகளை விரித்துக் காட்டியிருப்பார். வாடிக்கையாளர் வீட்டாரோடு கலந்துகொண்டு திரும்பி வரும்போது மற்றொருவர் முந்திக்கொண்டு பில் போட்டுத் தம் எண்ணை எழுதிவிடுவார். ஒரு முஸ்லிம் தன் சகோதரரின் வியாபாரத்தில் குறுக்கிட்டு வியாபாரம் செய்யக் கூடாது என்ற நபிவழித் தடையின் கருத்து இங்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். பக்கத்தில் நிற்பவர் எம்மதத்தவராயினும் அவருடைய உழைப்பின் பயனைப் பறிப்பது அநீதியே.

மூன்றாவது சோதனை தொழிலாளியின் மீதே நிகழ்கிறது. வணிகம் நன்றாக நடக்கும்போது இலாபத்தின் பெரும்பகுதி முதலாளிக்கு. மந்தமாகும்போது இழப்பின் பெரும்பகுதி கமிஷனை நம்பியவனுக்கு. மழை பெய்து கடைக்கு யாரும் வராத நாளில் அவனும் எட்டு மணிநேரத்திற்கு மேல் நின்றுதான் திரும்புகிறான். அன்றைய நிற்றலுக்கு விலை என்ன? முற்கால ஃபுகஹாக்கள் தயங்கியது இந்த இடத்தில்தான் என்பதை மேலே கண்டோம்.

நாட்டின் சட்டமும் இங்கே அறியத்தக்கது. 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம் அடிப்படை ஊதியத்தை வரையறுக்கும்போது கமிஷனை அதிலிருந்து விலக்கியது. ஆகவே சம்பளம் சிறிதாகவும் கமிஷன் பெரிதாகவும் வாங்குபவருக்கு, கையில் வரும் தொகை எவ்வளவாயினும் அச்சட்டப்படி வைப்புநிதியில் சேர்ந்தது சிறிதே. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் கமிஷனை ஊதியத்திலிருந்து விலக்குகிறது. ஆனால் அவ்வாறு விலக்கப்படுபவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும் என்று ஒரு வரம்பும் வைத்துள்ளது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்கள் அமர்வதற்கு இருக்கை தருவது கட்டாயமாக்கப்பட்டது. நாள் முழுதும் நிற்பவரின் கால்களுக்கும் உரிமை உண்டு என்று சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டது நமக்கெல்லாம் வெட்கத்திற்குரியது.

ஆகவே விடை

நம்மிடம் கேட்ட சகோதரருக்கு நாம் சொல்வது இதுவே. ஹலாலான பொருளை விற்றதற்காக, முன்கூட்டியே தெளிவாகப் பேசப்பட்ட விகிதத்தில் கமிஷன் பெறுவதற்கு முன்னோரின் வழியில் ஆதாரம் உண்டு. அதிலும் நிலையான சம்பளம் ஒன்று இருந்து, கமிஷன் அதன்மேல் வருமானால் ஐயத்திற்கு இடம் இன்னும் குறைவு. தேங்கிய சரக்கை விற்பதும் தன்னளவில் குற்றமன்று. பழையதும் ஒருவருக்குப் பயன்படும். கேட்பவரிடம் அதன் நிலையைச் சொல்லி, அவர் மனமொப்பி வாங்கினால் அந்த இரட்டைக் கமிஷனும் உங்கள் உழைப்பின் கூலியே. குறையை மறைத்து, பொய்யுரைத்துத் தள்ளிவிட்டால், அந்த விற்பனையில் கறை படிந்துவிட்டது. நடந்துவிட்டதற்குத் தவ்பா செய்வதோடு, வாங்கியவரைக் கண்டறிய முடியுமானால் அவரிடம் உண்மையைச் சொல்லிச் சரிசெய்வதே முறை. முடியாதபோது என்ன செய்வது என்பதற்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் செயல் நம் முன் உள்ளது. தனிப்பட்ட சிக்கல்களுக்கு அருகிலுள்ள ஆலிம்களை நாடுங்கள்.

உண்மையைச் சொன்னால் இலக்கை எட்ட முடியாதே என்று அவர் வருந்தினார். அவ்வருத்தத்தை நாம் இலேசாகக் கருதவில்லை. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறைகளை வெளிப்படுத்தினால் இருவருக்கும் பரக்கத் அருளப்படும் என்ற நற்செய்தியை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கிறார்கள். ஆயினும் பரக்கத்தை நம்பு என்று தொழிலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நேர்மையன்று.

நம் சமுதாயத்திலும் கடை முதலாளிகள் உள்ளனர். அவர்களிடம் நாம் வேண்டுவது: உண்மை பேசும் பணியாளரும் குடும்பம் நடத்தும் அளவுக்கு நிலையான சம்பளத்தை அமையுங்கள். கமிஷன் அதன்மேல் ஊக்கமாக இருக்கட்டும். விகிதத்தை எழுத்தில் கொடுங்கள். மாதக் கடைசியில் மாற்றாதீர்கள். உடைந்ததற்கும் திரும்பி வந்ததற்கும் காரணமின்றிப் பிடித்தம் செய்யாதீர்கள். முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதை ஹதீஸ் குத்ஸியில் காண்கிறோம். விற்பனை சரிந்தால் தொழிலாளியின் நாவைப் பிழிவதற்கு முன், சரக்கையும் விலையையும் சரிபாருங்கள்.

வாங்குபவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. வாங்கும் எண்ணம் சிறிதுமின்றி, பொழுதுபோக்காக 40 சேலைகளை விரிக்கச் சொல்லி எழுந்து செல்லும்போது, ஒரு மனிதனின் அரைநாள் கூலியோடு விளையாடுகிறோம் என்பதை உணர வேண்டும். பார்த்துவிட்டு வாங்காமற் போவது நம் உரிமை. அந்த உரிமையைக் கனிவோடு பயன்படுத்துவது நம் பண்பு. உண்மையைச் சொன்ன பணியாளரிடமே திரும்பிச் சென்று, அவருடைய எண்ணிலேயே பில் போடச் சொல்வதும் ஒரு நன்மையே.

மதீனாச் சந்தையில் நின்ற தரகர்களுக்கு அண்ணலார் (ஸல்) ஒரு நல்ல பெயரைத் தந்து சென்றார்கள். அந்தப் பெயருக்குரியவராகக் கடைசிவரை நிற்பது, கூட்டம் நிறைந்த நாளில் எளிது. கடை வெறிச்சோடிய நாளில் அரிது. அந்த அரிய நாளில் உண்மை பேசி, வெறுங்கையோடு இரவுப் பேருந்தில் ஊர் திரும்பும் நம் பிள்ளைகளின் ரிஸ்கை அல்லாஹ் விரிவாக்குவானாக. அவர்களைக் கொண்டு பிழைப்போரின் உள்ளங்களில் நீதியை இடுவானாக. நம் அனைவரின் உணவையும் ஹலாலாக்கி வைப்பானாக. ஆமீன்.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.